கழுவிப் பயன்படுத்தும் ஏர் ஃபில்டர் வாங்கலாமா, கம்பெனி ஃபில்டரிலேயே இருந்துவிடலாமா?

நான்காம்கியர்

வணக்கம் நண்பர்களே. என்னுடையது டர்போ (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் சுழலி) இல்லாத 1.5 லிட்டர் பெட்ரோல் கார். 78,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஏர் ஃபில்டரை 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றும்படி கையேட்டில் இருக்கிறது. இரண்டாவது முறை மாற்றும் நேரம் நெருங்கிவிட்டது.

உடன் வேலை செய்யும் ஒருவர், எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர் ஒன்றை வாங்கிப் போடச் சொல்கிறார். இழுவை கூடுமாம், மைலேஜ் கூடுமாம், கழுவிக் கழுவி வண்டியின் ஆயுள் முழுக்க ஓட்டலாமாம். சர்வீஸ் நிலையத்தில் கேட்டால் கம்பெனி ஃபில்டரைத் தவிர வேறு எதைப் போட்டாலும் என்ஜின் கெட்டுவிடும் என்கிறார்கள். இரண்டு பேருமே கொஞ்சம் மிகைப்படுத்துகிறார்கள் என்று தோன்றுகிறது. பருத்தி ஃபில்டரின் விலை காகித ஃபில்டரைப் போல நான்கு மடங்கு.

ஓட்டம் பெரும்பாலும் நெடுஞ்சாலை. வீட்டுக்குத் திரும்பும் கடைசி 4 கிலோமீட்டர் மட்டும் மண் சாலை. முன்னால் லாரி போனால் எதுவும் தெரியாது. எதை வாங்குவது?

வளைவுசாலை

பருத்தியை வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம். மூன்று ஆண்டுகளாக, 70,000 கிலோமீட்டராக என் வண்டியில் அதுதான். மிதித்தவுடன் என்ஜின் துள்ளுவதைக் காலே சொல்லும். இரண்டு முறை கழுவி எண்ணெய் தடவியிருக்கிறேன். ஒரு கோளாறும் இல்லை. காகித ஃபில்டர் என்பது மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஓடுவது போல.

பழையஸ்பானர்

வளைவுசாலை தம்பி, காலுக்குத் தெரிவது பெரும்பாலும் காதுக்குக் கேட்பதுதான். அந்த ஃபில்டரைப் போட்டதும் காற்று உறிஞ்சும் சத்தம் கூடும். சத்தம் கூடினால் வேகம் கூடியதாக மனம் எழுதிக்கொள்ளும். முப்பது ஆண்டுகளாக வண்டிகளைப் பிரித்து மாட்டுகிறவன் நான். வெறும் ஏர் கிளீனர் பெட்டியைத் துடைத்து மாட்டிக் கொடுத்தாலே “வண்டி பறக்கிறது” என்று சொன்னவர்கள் உண்டு.

நான்காம்கியர், கணக்கு இதுதான். உங்கள் 1.5 லிட்டர் என்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுழன்று, மிதி முழுக்க அழுந்தியிருக்கும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 4,500 லிட்டர் காற்றை இழுக்கும். நாலு ஸ்ட்ரோக் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் கொள்ளளவை நிரப்பும், அதனால் 1.5-ஐ 3,000-ஆல் பெருக்கினால் போதும். கம்பெனி பெட்டியும் காகிதமும் அந்த அளவுக்காகவே வடிவமைக்கப்பட்டவை. நெடுஞ்சாலையில் 2,000 சுற்றில் நிதானமாகப் போகும்போது என்ஜினுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு காற்றுகூடத் தேவைப்படாது. அந்த நேரத்தில் காற்றைத் தடுப்பது ஃபில்டர் அல்ல, த்ராட்டில் தகடு. நீங்களே காலால் பாதி மூடி வைத்திருக்கும் வாசலுக்கு முன்னால் ஜன்னலை அகலமாகத் திறந்து என்ன பயன்?

மிதியை முழுக்க அழுத்தி, சுற்று உச்சத்துக்குப் போகும் சில விநாடிகளில் மட்டும்தான் ஃபில்டரின் தடை கணக்கில் வரும். அங்கேயும் நல்ல காகித ஃபில்டர் ஒன்று, இரண்டு கிலோபாஸ்கல் அழுத்தத்தைத் தின்னும். வெளியே இருக்கும் காற்றின் அழுத்தம் 101 கிலோபாஸ்கல். தடையில் பாதியைக் குறைத்தாலும் கிடைப்பது நூற்றில் ஒன்று. 100 குதிரைத்திறனில் ஒரு குதிரை. அந்த ஒரு குதிரையைக் காலால் உணர்கிறவர் யாரும் எனக்குத் தெரிந்து இல்லை.

வளைவுசாலை

அண்ணா, கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புது காகிதத்தோடு ஒப்பிடுகிறீர்கள். 30,000 ஓடிய காகிதத்தோடு ஒப்பிட்டால்? பெரும்பாலானவர்கள் அப்படித்தான் வண்டியை வைத்திருக்கிறார்கள்.

பழையஸ்பானர்

அப்படியென்றால் புது காகிதம் வாங்கிப் போட்டாலும் அதே துள்ளல் கிடைக்கும், நான்கில் ஒரு பங்கு விலையில். அழுக்குக் காகிதத்தை எடுத்துவிட்டுப் பருத்தியைப் போட்டு, புகழை மட்டும் பருத்திக்குக் கொடுப்பது நியாயமா?

மீட்டர்முள்

மைலேஜ் பற்றிய பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009-இல் இதை முறையாகச் சோதித்து வெளியிட்டது. எரிபொருள் ஊசிமூலம் செல்லும் நவீன கார்களில் ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்து ஓட்டிப் பார்த்தார்கள். மைலேஜ் மாறவில்லை. கணினி, உள்ளே வரும் காற்றை அளந்து அதற்கேற்ற பெட்ரோலை மட்டும் விடுகிறது. காற்று குறைந்தால் பெட்ரோலும் குறைகிறது, ஓட்டுநர் மிதியைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்துகிறார், அவ்வளவுதான். முடுக்கம் மட்டும் அடைப்பினால் மந்தமானது. கார்புரேட்டர் வைத்த பழைய வண்டியில்தான் அடைப்பு 2 முதல் 6 சதவீதம் வரை மைலேஜைத் தின்றது. “ஃபில்டரை மாற்றினால் மைலேஜ் கூடும்” என்ற பேச்சு அந்தக் காலத்து வண்டிகளோடு வந்தது. வண்டிகள் போய்விட்டன, பேச்சு போகவில்லை.

முழுக்க அடைத்த ஃபில்டரே மைலேஜைக் கெடுக்கவில்லை என்றால், சுத்தமான காகிதத்துக்குப் பதில் சுத்தமான பருத்தியைப் போட்டால் கூடும் என்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை. நான் ஒவ்வொரு முறை பெட்ரோல் நிரப்பும்போதும் குறித்து வைக்கிறவன். ஃபில்டர் மாற்றிய நாளை அந்த நோட்டில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. டயர் காற்றை மறந்த மாதங்களை எளிதாகக் கண்டுபிடிக்கலாம்.

அளவுகோல்

சில ஆண்டுகள் ஃபில்டர் சோதனைக் கூடத்தில் வேலை செய்தவன் என்பதால் எழுதுகிறேன். இதுவரை எல்லோரும் காற்று எவ்வளவு எளிதாகப் போகிறது என்றே பேசுகிறீர்கள். அது மட்டும்தான் வேண்டும் என்றால் ஃபில்டரே இல்லாமல் ஓட்டலாமே.

ஏர் ஃபில்டரைச் சோதிக்க ஐ.எஸ்.ஓ. 5011 என்ற உலகத் தரமுறை இருக்கிறது. அதில் மூன்று விஷயங்களை அளப்போம்: காற்றுக்கு எவ்வளவு தடை, தூசியில் எத்தனை சதவீதம் பிடிபடுகிறது, தடை ஒரு வரம்பைத் தொடும்வரை எத்தனை கிராம் தூசியைத் தாங்குகிறது. அளந்து கலந்த சோதனைத் தூசியைக் காற்றில் தூவி, ஃபில்டரைத் தாண்டி வருவதைப் பின்னால் இன்னொரு நுண் ஃபில்டரில் பிடித்து எடை போடுவோம். இந்த மூன்றும் ஒன்றையொன்று இழுக்கும். தடையைக் குறைக்க இழைகளை விலக்கினால் தூசி நழுவும். நெருக்கினால் சீக்கிரம் அடையும். இரண்டையும் ஒரே நேரத்தில் சாதிக்க ஒரே வழி, மடிப்புகளைக் கூட்டிப் பரப்பை அதிகமாக்குவது. அதற்குக் காகிதம் செலவாகும்.

சதவீதத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். “இது 99, அது 97, இரண்டே சதவீதம்தானே வித்தியாசம்” என்று கேட்பார்கள். என்ஜினுக்குப் பிடிபட்ட தூசியைப் பற்றிக் கவலை இல்லை. தப்பி வந்ததுதான் அதன் பாடு. 100 கிராம் தூசியில் ஒன்று 1 கிராமை விடுகிறது, மற்றது 3 கிராமை விடுகிறது. அதாவது மூன்று மடங்கு.

அந்த 3 கிராம் எங்கே போகிறது? மண் தூசியில் பெரும்பங்கு சிலிக்கா. இரும்பைவிடக் கடினமானது. தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். என்ஜினுக்கு மிகவும் கெடுதல் செய்பவை 5 முதல் 20 மைக்ரான் வரையிலான துகள்கள். பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவில் இருக்கும் ஆயில் படலத்தின் தடிமனுக்குப் பக்கத்தில் இருப்பதால் அதற்குள் புகுந்து உப்புத்தாள் போலத் தேய்க்கும்.

கூடவே இதையும் நினைத்துப் பாருங்கள்: ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று வேண்டும். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி 40,000 கிலோமீட்டரில் 2,500 லிட்டர் எரிக்கும். ஃபில்டரைக் கடந்த காற்று 2 கோடியே 25 லட்சம் லிட்டர். சிறு விழுக்காடு என்று எதையும் ஒதுக்க முடியாத அளவு அது.

பருத்தி ஃபில்டர் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். சோதனை முடிவை முழுமையாக, எந்தத் தூசியால், எந்த ஓட்ட அளவில் என்று வெளியிடும் தயாரிப்பாளரும் உண்டு. வெறும் “50 சதவீதம் கூடுதல் காற்று” என்று அட்டையில் அச்சிடுகிறவரும் உண்டு. பின்னவரிடமிருந்து விலகி இருங்கள். பொதுவாக, ஒரே பெட்டிக்குள் அடங்கும் நல்ல காகிதமும் எண்ணெய் தடவிய பருத்தியும் மோதினால், நுண்தூசியைப் பிடிப்பதில் காகிதம்தான் முன்னால் நிற்கும்.

தூசிதட்டி

பருத்தி ஃபில்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஊசித் துளைகள் தெரிகின்றனவே, அது போதாதா?

அளவுகோல்

போதாது. அது நியாயமான சோதனையும் இல்லை. தூசி, சல்லடைத் துளையில் சிக்குவதால் மட்டும் பிடிபடுவதில்லை. காற்று இழையைச் சுற்றி வளையும்போது கனமான துகள் வளைய முடியாமல் நேராகப் போய் இழையில் மோதும். எண்ணெய்ப் பிசுக்கு அதைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் துளை தெரியும் பருத்தியும் ஓரளவு வேலை செய்கிறது. எண்ணெய் காய்ந்துபோன பருத்தியோ வெறும் துணிதான்.

இன்னொன்று: எந்த ஃபில்டரும் புதிதாக இருக்கும்போது தன் வாழ்நாளிலேயே குறைவாகத்தான் வடிகட்டும். கொஞ்சம் தூசி படிந்ததும் அந்தப் படிவமே கூடுதல் சல்லடையாகிறது. ஃபில்டரை அடிக்கடி எடுத்துப் பார்த்து, தட்டி, கழுவிக்கொண்டிருக்கிறவர்கள் தங்கள் என்ஜினுக்கு நல்லது செய்வதாக நினைக்கிறார்கள். உண்மையில் படிவத்தை உதிர்த்து, திரும்பத் தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள். போதாக்குறைக்கு ஒவ்வொரு முறை பெட்டியைத் திறக்கும்போதும் ஓரத்தில் இருக்கும் மண் சுத்தமான பக்கம் விழ வாய்ப்பு.

தூசிதட்டி

என் தெரு முனையில் எல்லோரும் ஒவ்வொரு சர்வீஸிலும் கம்ப்ரசர் காற்றால் ஊதி மாட்டுகிறார்களே?

பழையஸ்பானர்

நானும் ஊதியிருக்கிறேன், பல ஆண்டுகள். இப்போது ஊதுவதில்லை. அழுத்தக் காற்று பட்டால் காகித இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் விலகும், மடிப்புகளை ஒட்டியிருக்கும் பசை விடும். சில கம்பெனிகளின் காகிதத்திலேயே மெல்லிய எண்ணெய்ப் பூச்சு உண்டு. அவற்றை ஊதக் கூடாது என்று கையேட்டிலேயே போட்டிருக்கும். தூசி மிகுந்த பயணத்தின் நடுவே வேறு வழியில்லை என்றால், மெதுவாகத் தரையில் தட்டி உதறிப் போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள்.

எண்ணெய்ப் பருத்தியைப் பற்றி எனக்கு இருக்கும் பெரிய குறை வேறு. பல வண்டிகளில் பெட்டியைத் தாண்டியதும் காற்றை அளக்கும் சென்சார் இருக்கிறது. சூடேற்றிய ஒரு மெல்லிய கம்பி அல்லது தகடு. காற்று அதை எவ்வளவு குளிர்விக்கிறது என்பதை வைத்துக் கணினி காற்றின் எடையைக் கணக்கிடும். எண்ணெயை அதிகம் தடவிவிட்டு, ஊற வைக்காமல் அவசரமாக மாட்டினால் அந்த எண்ணெய் பறந்துபோய்க் கம்பியில் படியும். மேலே தூசி ஒட்டும். போர்வை போர்த்தியதுபோல் ஆகிவிடும். கம்பி குளிர்வது குறைகிறது, காற்று குறைவாக வருகிறது என்று கணினி நம்புகிறது, பெட்ரோலைக் குறைக்கிறது. பிறகு ஐடிலிங் தடுமாறும், மிதித்தால் இடறும், என்ஜின் விளக்கு எரியும். கணினி பதிந்துவைத்த கோளாறுக் குறியீட்டைப் படித்தால் பெரும்பாலும் பி0171 அல்லது பி0101. போன ஆண்டு ஒருவர் இதே தொல்லைக்கு இரண்டு இடங்களில் பெட்ரோல் பம்பும் ஸ்பார்க் பிளக்கும் மாற்றிவிட்டு என்னிடம் வந்தார். அந்தச் சென்சாருக்கென்றே இருக்கும் ஸ்ப்ரேயால் கழுவி, காகித ஃபில்டரைப் போட்டேன். சரியாகிவிட்டது. கார்புரேட்டர் ஸ்ப்ரேயால் கழுவி சென்சாரையே கொன்றுவிட்டு வருகிறவர்களும் உண்டு.

வளைவுசாலை

அது ஃபில்டரின் குற்றம் இல்லை அண்ணா, தடவியவரின் குற்றம். நான் கழுவியபின் ஒரு நாள் முழுக்க நிழலில் காயவைப்பேன். மடிப்புக்கு ஒரு கோடு மட்டும் எண்ணெய் விட்டு, அரை மணி நேரம் ஊற வைத்து, நிறம் சமமாகப் பரவியதா என்று பார்த்துத்தான் மாட்டுவேன். 70,000 கிலோமீட்டரில் விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை.

பழையஸ்பானர்

நீங்கள் செய்வீர்கள். எல்லோரும் உங்களைப் போல ஒரு நாள் வண்டியை நிறுத்திவைப்பார்களா? கழுவித் தருகிறேன் என்று வாங்கி, ஈரத்தோடு எண்ணெயைத் தடவி அரை மணியில் மாட்டித் தரும் கடையில்தான் பாதிப் பேர் கொடுப்பார்கள்.

வளைவுசாலை

அது உண்மைதான்.

மலைப்பாதை

டர்போ டீசல் வைத்திருக்கிறேன். எனக்கும் இதே கணக்குதானா?

அளவுகோல்

கொஞ்சம் மாறும். பெட்ரோல் வண்டியைப் போல டீசலில் காற்றைத் தகடு வைத்து இறுக்கி வேகத்தைக் கட்டுப்படுத்துவதில்லை. எப்போதும் நிறையக் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் அடைத்த ஃபில்டர் டீசலில் சீக்கிரம் தெரியும்: டர்போ கூடுதலாக உழைக்கும், மேட்டில் புகை கக்கும். தூசியைப் பொறுத்தவரை டீசலுக்கு இன்னும் கண்டிப்பு வேண்டும். ஃபில்டரைத் தாண்டி வரும் தூசி முதலில் சந்திப்பது நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போவின் இறக்கைகளை. நான் டீசலில் காகிதத்தைத் தாண்டி எதையும் போட மாட்டேன்.

தூசிதட்டி

நான் பட்டதைச் சொல்கிறேன், நான்காம்கியருக்கு உதவும். பருத்தி அல்ல, காகிதம்தான். ஆனால் விலை குறைவான வெளிக் காகிதம். அளவு பார்வைக்குச் சரியாகவே இருந்தது. 12,000 கிலோமீட்டரில் என்ஜின் ஆயிலைச் சோதனைக்குக் கொடுத்தபோது சிலிக்கான் (மண் உள்ளே போனதற்கு அடையாளம்) 38 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 38 பங்கு. அதற்கு முன் எப்போதும் 10, 12-தான் வரும். கூடவே அலுமினியமும் இரும்பும் ஏறியிருந்தன. புது கேஸ்கெட் பசையாலும் சிலிக்கான் ஏறும், ஆனால் நான் எதையும் பிரித்திருக்கவில்லை.

பெட்டியைத் திறந்தேன். காகிதம் நன்றாகவே இருந்தது. அதன் ஓரத்து ரப்பர்தான் பிளாஸ்டிக் போல இறுகியிருந்தது. ஒரு மூலையில் பெட்டியோடு படியவில்லை. அந்த இடத்தில் சுத்தமான பக்கத்தில் விரல் நீளத்துக்கு மண் கோடு. எத்தனை சதவீதம் பிடிக்கும் காகிதமாக இருந்தால் என்ன, பக்கத்துச் சந்து திறந்திருந்தால்? பழைய கம்பெனி ஃபில்டரோடு வைத்து எண்ணிப் பார்த்தேன். அதில் 62 மடிப்பு, இதில் 44.

அளவுகோல்

நான் எழுதியிருக்க வேண்டியதை நீங்கள் எழுதிவிட்டீர்கள். கூடத்தில் நாங்கள் தூக்கி எறிந்த மாதிரிகளில் பாதி காகிதத்தால் தோற்றவை அல்ல, ஓரத்தால் தோற்றவை.

அதனால் “கம்பெனியா, வெளியா” என்று இரண்டாகப் பிரிப்பதே எனக்கு உடன்பாடில்லை. கார் கம்பெனிகள் தாங்களே ஃபில்டர் செய்வதில்லை. மான் பிளஸ் ஹம்மல், மாலே, டென்சோ போன்றவர்கள் செய்து கொடுக்கிறார்கள். அதே தயாரிப்பாளர்கள் தங்கள் பெயரிலும் கடைகளில் விற்கிறார்கள். அந்தப் பெட்டியில் கார் கம்பெனியின் முத்திரை இருக்காது, விலையும் பெரும்பாலும் குறைவாக இருக்கும். வெளியே வாங்குவதென்றால் அங்கே வாங்குங்கள். பழைய ஃபில்டரைக் கையோடு எடுத்துப் போங்கள். மடிப்பை எண்ணுங்கள், ஆழத்தை அளவுகோல் வைத்துப் பாருங்கள், ஓர ரப்பரை நகத்தால் அழுத்தி அது திரும்ப எழுகிறதா என்று பாருங்கள். கம்பெனி முத்திரையோடு வரும் போலிகளும் இந்தச் சோதனையில்தான் மாட்டிக்கொள்ளும்.

வளைவுசாலை

பெட்டியையே எடுத்துவிட்டுத் திறந்த கூம்பு ஃபில்டர் போடுவதைப் பற்றி யாரும் பேசவில்லையே?

பழையஸ்பானர்

பேச என்ன இருக்கிறது? கம்பெனிக் குழாய் முன்பக்கத்திலிருந்து வெளிக்காற்றை எடுக்கிறது. கூம்பு, என்ஜின் அறையின் சூட்டை எடுக்கிறது. ஏறக்குறைய 3 டிகிரி சூடு கூடினால் காற்றின் அடர்த்தி நூற்றில் ஒன்று குறையும். தடையில் சம்பாதித்த ஒரு குதிரையைச் சூட்டில் தொலைத்து, மேலும் சிலவற்றை இழப்பதற்குப் பணம் கொடுப்பது.

நான்காம்கியர்

எல்லோருக்கும் நன்றி. தூசிதட்டி எழுதியதைப் படித்ததும் உட்கார முடியவில்லை. இன்று காலை என் பெட்டியைத் திறந்துவிட்டேன்.

போன முறை வெளியே ஓரிடத்தில் மாற்றிய ஃபில்டர். கம்பெனி முத்திரை இருக்கிறது, மடிப்பும் சரி. ஆனால் ஒரு பக்கம் பெட்டியின் பள்ளத்தில் உட்காராமல் மேலே மடிந்து, மூடி அதன்மேல் அழுந்தியிருந்தது. சுத்தமான பக்கத்தில் வெள்ளைத் துணியால் துடைத்தேன்; துணி பழுப்பானது. மூடியின் நான்கு கிளிப்புகளில் ஒன்று முறிந்திருக்கிறது. அதுவும் சரியாக அந்தப் பக்கமே. பருத்தியா காகிதமா என்று இத்தனை நாள் யோசித்துக்கொண்டிருந்த என்னை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

பெட்டியின் உள்ளேயும் சென்சார் வரை செல்லும் குழாயையும் ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்தேன். கம்பெனிக்குச் செய்து கொடுக்கும் தயாரிப்பாளரின் காகித ஃபில்டரை வாங்கி, நான்கு மூலையும் பள்ளத்தில் படிந்ததைப் பார்த்து மாட்டினேன். மண் சாலை இருப்பதால் 40,000-க்குப் பதில் 20,000-இல் மாற்றப் போகிறேன். அடுத்த ஆயில் மாற்றும்போது பழைய ஆயிலைச் சோதனைக்கும் அனுப்புவேன்.

வளைவுசாலை நண்பரே, உங்கள் அக்கறைக்கு நன்றி. ஒரு நாள் முழுக்கக் காயவைக்கும் பொறுமை எனக்கு இல்லை என்பது எனக்குத் தெரியும்.

வளைவுசாலை

பரவாயில்லை. நானும் இன்று வெள்ளைத் துணியோடு இறங்கினேன். துணி சுத்தமாகத்தான் வந்தது, ஆனால் ஒரு மூலையில் லேசான எண்ணெய்ப் பசை. சென்சாரைக் கழற்றிப் பார்க்கப் போகிறேன். பழையஸ்பானர் அண்ணா சிரிக்க வேண்டாம்.

பழையஸ்பானர்

சிரிக்கவில்லை. நான்காம்கியர், முறிந்த கிளிப்பை என்ன செய்தீர்கள்? அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே.

நான்காம்கியர்

பிளாஸ்டிக் நாடா போட்டு இறுக்கியிருக்கிறேன்.

பழையஸ்பானர்

நாளைக்கே கிளிப் வாங்குங்கள்.